பட்டியலில் 28, பேருந்தில் 27: வேளச்சேரியில் ஆறு நாள்

டிசம்பர் 5, 2023, செவ்வாய். இரவு, மதுரை தாண்டி

மிக்ஜாம் புயல் இன்று மதியம் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்துவிட்டது. ஆனால் போகிற போக்கில் இரண்டு நாள் சென்னையைப் போட்டு அடித்துவிட்டுத்தான் போனது. வெள்ளம் வடிகிற இடங்களில் குப்பையும் சேறும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் போகிறார்கள். எங்கள் நகராட்சியிலிருந்து ஒரு பேருந்து. நான் துப்புரவு ஆய்வாளர். தாமிரபரணிக் கரையில் வேலை பார்க்கிறேன், ஊர் பெயர் வேண்டாம்.

காலையில் அலுவலகத்தில் விருப்பப் பட்டியல் தயாரானது. 28 பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். அதைப் பார்த்த பிறகுதான் நானும் பெயர் கொடுத்தேன். ஒன்பது பெண்கள் தெரியாத ஊரில் தங்கி வேலை செய்யும்போது, கழிப்பறை எங்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்பதற்கு ஓர் அதிகாரி கூட இருக்க வேண்டும். அது பெண்ணாக இருந்தால் கேட்பது சுலபம்.

வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில் ஒவ்வொரு இருக்கையாகப் போய் உட்கார்ந்து, "நீங்களா பேரு குடுத்தீங்க?" என்று கேட்டேன். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். மேஸ்திரி அண்ணன் 2015-ல் சென்னை வெள்ளத்துக்கும் வந்தவர், 2018-ல் கஜா புயலுக்கு வேதாரண்யம் போனவர். "கூப்பிடாட்டாலும் வருவேன் மேடம்" என்றார். அவர் நிரந்தரப் பணியாளர். 28-ல் பதினொரு பேர்தான் அப்படி. மற்ற பதினேழு பேரும் ஒப்பந்தம். அவர்களில் மூன்று பேர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும் கேக்கலை, பேரு இருக்கு கிளம்புன்னு சொன்னாங்க" என்றார்கள். ஒருவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மனைவிக்கு எட்டாவது மாதம். வேண்டாம் என்று சொன்னால் நாளையிலிருந்து வேலை இருக்குமோ இருக்காதோ என்று பயந்து ஏறிவிட்டான்.

வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாதவன் சரி என்று சொல்வதை விருப்பம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோவில்பட்டியில் அவனை இறக்கிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் போனில் பேசி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே எதுவும் ஆகக் கூடாது என்று சொல்லி, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். பேருந்து செலவுக்கு இருநூறு கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றான். மேஸ்திரி அண்ணன் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தார். மற்ற இரண்டு பேரிடமும் கேட்டேன். கிளம்பியது கிளம்பியாயிற்று, வருகிறோம் என்றார்கள்.

ஆக, பட்டியலில் 28, பேருந்தில் 27. என்னையும் ஓட்டுநரையும் சேர்க்காமல்.

டிசம்பர் 6, புதன். வேளச்சேரி

விடியும்போது திண்டிவனம். டீ ஒன்று 20 ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது, வெயில்கூட அடித்தது. பெருங்களத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்.

தங்குவதற்கு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தார்கள். நாங்கள் போகும்போதே வேறு இரண்டு ஊர் ஆட்கள் அங்கே இருந்தார்கள். மொத்தம் எழுபது பேருக்கு மேல். கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் ஓடவில்லை, அதனால் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பெண்களுக்கு என்று இருந்த இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் முதலில் செய்த வேலை, பக்கத்து அபார்ட்மெண்டில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டு, அங்கே போய்த் தண்ணீர் கேட்டதுதான். காவல்காரர் ஒரு பெரியவர், கண்ணாடியில் நூல் கட்டியிருந்தார். "எங்கேந்துமா வர்றீங்க?" என்றார். சொன்னேன். "அவ்ளோ தூரத்துலேந்தா?" என்று எழுந்து நின்றுவிட்டார். அவரே குழாயை இழுத்து எங்கள் டிரம் நான்கையும் நிரப்பினார். தாழ்ப்பாளுக்குக் கொச்சைக் கயிறு கட்டினோம்.

எங்கள் வகுப்பறைக் கரும்பலகையில் ஒன்றாம் தேதி எழுதியது அப்படியே இருக்கிறது. பதிவு 38, வருகை 31. மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அதை அழிக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மூலையில் சின்னதாக, பதிவு 27, வருகை 27 என்று எங்கள் கணக்கை எழுதினேன். ஒவ்வொரு ராத்திரியும் எண்ணிவிட்டுத்தான் படுப்பது என்று முடிவு.

மதியம் வேலைக்கு இறங்கினோம். வேளச்சேரியின் உட்தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் இன்னும் நிற்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு மினுமினுப்பு. படகில் ஆட்களைக் கொண்டு போகிறார்கள். தண்ணீர் வடிந்த தெருவிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். முதல் தெருவில் ஒருவர் மாடியிலிருந்தே கத்தினார்: "மூணு நாளா எங்கே போனீங்க? இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" மேஸ்திரி அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "நாங்க இப்பத்தான் வந்தோம் சார், திருநெல்வேலிப் பக்கம்லா" என்றார். அந்த 'லா'வைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளியில் கயிறு கட்டி, தண்ணீர் பாட்டில் ஆறு இறக்கினார். அவர் வீட்டிலேயே தண்ணீர் எவ்வளவு இருந்திருக்கும்? 20 லிட்டர் கேன் 100 ரூபாய்க்கும் கிடைக்கவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட்டை 60 ரூபாய்க்கு வாங்கினேன் என்று ஒரு அம்மா காட்டினார்.

இன்றைய சாப்பாடு: மதியம் சாம்பார் சாதம், ராத்திரி சாம்பார் சாதம்.

டிசம்பர் 7, வியாழன்

பூட்ஸ் வந்தது. முப்பது ஜோடி. எல்லாமே 8, 9, 10 அளவு. எங்கள் பெண்களின் கால் 4, 5.

துணி அடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வயதில் மூத்த அக்கா ஒருவர் சேற்றில் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, வெறுங்கால் மட்டும் வெளியே வந்தது. நிலை தடுமாறி முன்பக்கமாக விழுந்தார். எழுப்பும்போது முகமெல்லாம் கருஞ்சேறு. அது மண் சேறு இல்லை, சாக்கடை கலந்தது. "கால் எடுக்கவே வரமாட்டுக்கு மேடம்" என்றார், ஏதோ தன் தப்பு மாதிரி. நான் அவர் முகத்தைத் துடைத்தபோது என் கை நடுங்கியது. கோபத்தில்தான்.

யாருக்குக் கோபப்படுவது? அனுப்பியவர்கள் அவசரத்தில் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒன்பது பெண்கள் வருகிறார்கள் என்பது பட்டியலில் இருந்தது. பெயர், வயது, பதவி, கைபேசி எண் எல்லாம் கேட்டவர்கள் கால் அளவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது எனக்கும் தோன்றவில்லை.

மேடவாக்கம் போகிற சாலையில் கட்டடச் சாமான் கடை ஒன்று திறந்திருந்தது. ஒன்பது ஜோடி வேண்டும் என்றேன். 4-ஆம் அளவு இல்லை, 5 இருந்தது. ஜோடி 380 சொன்னவர், எதற்கு என்று கேட்டுவிட்டு 300 போட்டார். கூடவே கையுறை ஒரு கட்டு, "இது என் கணக்கு" என்று வைத்தார். என் கைக்காசுதான், ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

சேற்றில் வேலை செய்கிறவர்கள் காலையில் விரல் இடுக்கில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவிக்கொண்டுதான் பூட்ஸ் போடுவார்கள். இல்லையென்றால் இரண்டாம் நாளே சேற்றுப்புண் வந்துவிடும். வேப்பெண்ணெய் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. அதை நான் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, விழுங்குகிற வரை நின்று பார்த்தேன். வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும்.

நனைந்த மெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை ஒருவர் தூக்க முடியாது, நான்கு பேர் வேண்டும். தூக்கும்போது மேலே இருந்து தண்ணீர் ஓடி நேராக முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். இன்று ஒரே தெருவில் நாற்பத்து மூன்று மெத்தை. பதினைந்தாவது மெத்தைக்கு மேல் யாரும் பேசவில்லை. ஏலேலோ மாதிரி ஒரு சத்தம் மட்டும், "ஏ தூக்கு, ஏ தூக்கு" என்று. மெத்தைக்கு அடியில் அந்த வீட்டுக்காரர்கள் ஒளித்து வைத்த காகிதங்கள் இருக்கும். பத்திரம், நகை அடகுச் சீட்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். அதனால் லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு மெத்தையையும் புரட்டிப் பார்ப்பது என்று மேஸ்திரி அண்ணன் வைத்திருக்கிறார். 2015-ல் கோட்டூர்புரத்தில் ஒரு மெத்தையைத் தூக்கிப் போட்ட பிறகு, அதைத் தேடிக்கொண்டு ஒரு பெண் லாரிக்குப் பின்னால் ஓடி வந்தாராம். அவரால் அதை மறக்க முடியவில்லை.

வருகை 27.

டிசம்பர் 8, வெள்ளி

காலையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். 27 பேரும் நிறைவாகச் சாப்பிட்டதற்கு 250 ரூபாய்கூட ஆகவில்லை. சாம்பார் சூடாக இருந்தது. பரிமாறிய பெண்ணின் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. மூன்று நாளாகத் தங்கை வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறார். "நான் வரலேன்னா இன்னிக்கு யாரு இட்லி ஊத்துறது?" என்றார்.

ஐந்து ஃபர்லாங் சாலைப் பக்கம் நாங்கள் போகவில்லை. 4-ஆம் தேதி மண் சரிந்து அங்கே ஒரு கட்டுமானப் பள்ளத்துக்குள் சிக்கிய இரண்டு பேரையும் இன்றுதான் எடுத்தார்கள், உயிரில்லாமல். நான்கு நாளாகத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். செய்தி வந்தபோது எங்கள் ஆட்கள் மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை.

மத்தியானம் ஒரு தகராறு. தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் ஏறிய ஒரு குடியிருப்பில், கீழ்நிலைத் தொட்டியில் கழிவுநீர் கலந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் எங்கள் பையன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே இறங்கிச் சுத்தம் செய்தால் 2,000 ரூபாய் என்றிருக்கிறார். அவனும் சட்டையைக் கழற்றிவிட்டான். ஒப்பந்தத் தொழிலாளி, 2,000 அவனுக்குப் பெரிய காசு. நான் போய்ச் சேரும்போது ஒரு கால் இரும்புப் படியில் இருந்தது.

"ஏறு மேலே" என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. மூடிக் கிடந்து கழிவு கலந்த தொட்டியில் என்ன வாயு நிற்கிறது என்று மேலிருந்து யாருக்கும் தெரியாது. முதல் ஆள் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவான், அப்புறம் மூன்றாவது. எத்தனை ஊரில் இது நடந்திருக்கிறது! கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் இந்த அக்டோபரில்தான் சொல்லியிருக்கிறது. செயலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். "மேடம், குழந்தைங்க இருக்காங்க, நாலு நாளா தண்ணி இல்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்குச் சொன்னேன், சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. உறிஞ்சி, வெளியிலிருந்தே பீய்ச்சிக் கழுவி, மறுபடி உறிஞ்சினார்கள். அதன் பிறகு புதுத் தண்ணீர் விட்டு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் கழித்து, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தோம். சோதனைக் குழாயில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளானது. அந்த மஞ்சளைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி. கடைசி வீட்டுக் குழாயிலும் 0.5 பி.பி.எம். குளோரின், அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம், இருக்கும்படி கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பையன் ராத்திரி என்னிடம் பேசவில்லை. 2,000 போன வருத்தம். பரவாயில்லை. கரும்பலகையில் 27 என்று எழுதினேன்.

டிசம்பர் 9, சனி

இன்று நான் குப்பை லாரியில் பெருங்குடி போனேன். வண்டிகள் திரும்பி வரத் தாமதமாகிறது, ஏன் என்று பார்க்க வேண்டியிருந்தது. வரிசை அவ்வளவு நீளம். வழக்கமாகவே ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிற ஊர் இது. அதற்கு மேல் இப்போது ஊரின் மெத்தைகளும் சோபாக்களும் பீரோக்களும்.

குப்பைமேடு நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். லாரியின் முன் இருக்கையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் குப்பை மலை, மறுபக்கம் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர், கோரைப்புல், நாரைகள். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் இங்கேதான் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். தங்குவதற்கு இருந்த இடம் வீடாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பதை 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்திருக்கிறார்கள். நான்கு நாளாக நாங்கள் வீடு வீடாக அள்ளியதெல்லாம் அந்த நீர் நிற்க வேண்டிய இடத்துக்கே வந்து சேருகிறது. ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர். "தெரியும்மா. எங்க தாத்தா இங்க மீன் புடிச்சாரு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

திரும்பி வந்தால் ஒரு கெட்ட செய்தி. எங்கள் ஆள் ஒருவருக்குக் கால் கிழிந்துவிட்டது. சேற்றுக்குள் உடைந்த கண்ணாடி அலமாரி. பூட்ஸின் அடிப்பாகத்தையே கிழித்துவிட்டு ஏறியிருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு தையல், டி.டி. ஊசி. அங்கிருந்த செவிலியர் அவர் காலைக் கழுவிய விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் விரலாக, வெந்நீரில், ஒரு குழந்தையின் காலைக் கழுவுவது போல. "அண்ணா, வலிச்சா சொல்லுங்க" என்று மூன்று முறை சொன்னார்.

காயம் பட்டவர் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு ஆஜர் விழுமா மேடம்?" ஒப்பந்தத்தில் இருப்பவர். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. நிரந்தரப் பணியாளருக்கு இந்தப் பயணத்துக்குப் பயணப்படி உண்டு, அவருக்கு அதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே மெத்தையின் இரண்டு முனையைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். ராத்திரி உட்கார்ந்து விபத்து அறிக்கை எழுதினேன். இடம், நேரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், யார் சாட்சி. அவருக்கு முழு நாட்களுக்கும் ஊதியம் தர வேண்டும் என்று கடைசியில் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக என்று முதலமைச்சர் இன்று அறிவித்திருக்கிறார். தெருவெல்லாம் அதுதான் பேச்சு. ஒரு பாட்டி ரேஷன் கார்டைப் புடவை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், படம் அழிந்துவிட்டதா என்று. அழியவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

தொட்டியில் தண்ணீர், வகுப்பறையில் மின்விசிறி. நேற்று ராத்திரி கரண்ட் வந்ததும் எழுபது பேரும் கைதட்டினார்கள்.

இன்று எழுதுவதற்கு ஒரே ஒரு வீடுதான். ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபது வயது இருக்கும், தனியாக இருக்கிறார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக் கோடு. புத்தகங்களை எல்லாம் மாடிப்படியில் விரித்துக் காயவைத்திருந்தார். அவருடைய வீட்டைச் சுத்தம் செய்து முடிக்க எங்களில் எட்டுப் பேருக்கு மூன்று மணி நேரம் ஆனது.

முடித்ததும் டீ கொண்டுவந்தார். இதற்கு முன் பல வீடுகளில் டீ கிடைத்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர் வரும், ஆட்களுக்குக் காகிதக் கோப்பை வரும். கொடுப்பவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பிரிப்பு கண்ணில் படாமல் இல்லை, அதனால் நான் காகிதக் கோப்பையே கேட்டு வாங்கிக்கொள்வேன். இந்த வீட்டில் ஒன்பது பேருக்கும் எவர்சில்வர் டம்ளர். வெள்ளத்தில் மிதந்ததை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது, அவருடைய கல்யாண வருஷத்தோடு.

விழுந்தெழுந்த அந்த மூத்த அக்கா குடித்துவிட்டு, பழக்கத்தில், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கக் குழாயடிக்குப் போனார். ஆசிரியை பின்னாலேயே போய் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "என் வீட்டுக்கு வந்தவங்க டம்ளர் கழுவுறதா? குடும்மா." அக்கா விடவில்லை, இவரும் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் அந்த டம்ளர் கொஞ்ச நேரம் இருந்தது. கடைசியில் அக்கா விட்டுவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் போய் நின்றார். இருபத்தேழு வருஷம் ஊரின் தெருக்களைக் கூட்டியவர். ஒரு வீட்டில் குடித்த டம்ளரை இன்னொருவர் வாங்கிக் கழுவினது இதுதான் முதல் தடவை என்று ராத்திரி என்னிடம் சொன்னார்.

ஆசிரியை என் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொண்டார். "ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணணும்" என்றார், மாணவியிடம் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று தெருமுனைப் பிரியாணிக் கடைக்காரர் மதியம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். காசு வாங்கவில்லை. நான்கு நாள் சாம்பார் சாதத்துக்குப் பிறகு அந்த வாசனை!

டிசம்பர் 11, திங்கள். திரும்பும் வழி

காலை வரை பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவினோம். சாயங்காலம் வண்டி. வகுப்பறையைக் கூட்டித் துடைத்தோம். கழிப்பறைக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினார் மேஸ்திரி அண்ணன். பதிவு 38, வருகை 31 அப்படியே இருக்கிறது. எங்கள் 27-ஐ மட்டும் அழித்தேன். தொட்டியில் இறங்கப் போன பையன் வண்டியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அன்னிக்கு இறங்கியிருந்தா எங்கம்மா என்ன பண்ணியிருக்கும் மேடம்?" என்று கேட்டான். தலையில் கை வைத்தேன்.

டிசம்பர் 21, வியாழன். ஊரில்

இதை எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. 17-ஆம் தேதி காலையில் தொடங்கிய மழை 18-ஆம் தேதியும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி எங்கள் வீதிகளுக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. சென்னையிலிருந்து திரும்பி ஆறே நாள். அங்கே நாங்கள் பார்த்த வெள்ளக் கோடு இப்போது எங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. என் வீட்டில் ஜன்னல் அடி வரை. அந்த மூத்த அக்காவின் வீட்டில் ஓடு மட்டும்தான் தெரிந்தது. அவர் பத்திரமாக இருக்கிறார். 27 பேரும் பத்திரம், எண்ணிவிட்டேன். கோவில்பட்டியில் இறக்கிவிட்டவனும் அவன் மனைவியும்கூட, பள்ளிக்கூட மாடியில்.

இன்று காலை சிக்னல் வந்ததும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வேளச்சேரி ஆசிரியையிடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "இருக்கியா?" என்றார். அவ்வளவுதான், என்னால் பேச முடியவில்லை.

மதியம் தகவல் வந்தது. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பேருந்து தூய்மைப் பணியாளர்கள் நாளை காலை எங்கள் ஊருக்கு வருகிறார்கள். தங்க ஒரு மண்டபத்தைச் சுத்தம் செய்துவிட்டோம். வேளச்சேரியில் கால் கிழிந்தவர் இன்னும் கட்டோடு வந்து டிரம்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய ஊதியக் கோப்பு இன்னும் நகரவில்லை, விடமாட்டேன். கோவில்பட்டியில் இறங்கியவன் யாரும் கூப்பிடாமல் தானாகவே வந்து கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடிக்கிறான். மேஸ்திரி அண்ணன் வேப்பெண்ணெய் தேடிப் போயிருக்கிறார்.

அந்தக் குழுவின் பொறுப்பாளர் எண் கிடைத்தது. வண்டியில் இருக்கிறார், மதுரை நெருங்கிவிட்டார்களாம். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்றார்.

"அனுப்புங்க சார். அதுல பொம்பளைங்க எத்தனை பேரு? ஒவ்வொருத்தர் கால் அளவும் கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அவர் இருக்கை இருக்கையாகக் கேட்டுக்கொண்டே போவது போனில் கேட்கிறது.